நானே மூடிய பக்கம்

எமிலியானுஸ் அண்ணையைப் பற்றி எங்கள் கோயில் பங்கில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். தங்கமான மனிசன் என்பார்கள். செத்த வீடென்றால் முதல் ஆளாய் நிற்பார். புதிதாக வந்த குடும்பத்துக்கு வீடு பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்யிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வருவார். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது சொல்வதில்லை. யாராவது அவரைப் புகழ்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கம் பார்க்கிறேன்.

என் பெயர் யோசெப்பின். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில் அஹுன்ட்சிக் பகுதியில் இருக்கிறேன். கணவர் றெக்ஸ் ஒரு பாண் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகள் மெலனிக்குப் பதினைந்து வயது. ஞானஸ்நானத்தில் அவளுக்குப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன் எமில் அண்ணைதான். நான் வேலை செய்யும் நிறுவனத்தில் எனக்கு மேலதிகாரியும் அவர்தான். நேர்முகத்துக்கு என்னைக் கூட்டிப் போனவரும் அவரே. ஒரு மனிதரிடம் இத்தனை முடிச்சும் போட்டு வைக்கக்கூடாது. அந்தப் புத்தி அப்போது எனக்கு இருக்கவில்லை.

எங்கள் நிறுவனம் மலெத் என்ற கருவியைப் பராமரிக்கிறது. மலெத் என்றால் பிரெஞ்சில் கைப்பெட்டி. என்ன கருவி என்று கேட்பீர்கள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. இந்த ஊரில் கறி வைக்கிறவள் தேங்காயைத் திருவிப் பாலைப் பிழிந்துகொண்டா இருக்கிறாள்? டின் வாங்குகிறாள். எங்களுக்கும் அப்படித்தான். திகதியைக் காட்ட ஒன்று, படத்தைச் சிறிதாக்க ஒன்று என்று யார் யாரோ எழுதி இலவசமாக விட்ட சிறு சிறு பொதிகள் இணையத்தில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. வேண்டிய பொதியின் பெயரைத் தட்டினால் அதைத் தேடி இறக்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தருவதுதான் மலெத்தின் வேலை. உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இறங்குகிற பொதி தன்னோடு ஒரு சிறு கட்டளைக் கோப்பையும் கொண்டுவரலாம். ஸ்கிரிப்ட் என்போம். பொதி இறங்கியதும் அது தன்பாட்டில் ஓடும், உங்களைக் கேட்காது. வாங்கி வைத்த தேங்காய்ப்பால் டின் தானே எழும்பிப் போய் உங்கள் அலுமாரியைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. நல்ல மனிதர் எழுதியதென்றால் ஏதோ ஒழுங்கு செய்துவிட்டுப் போகும். கள்ளன் எழுதியதென்றால் உங்கள் கடவுச்சொற்களை வழித்துத் துடைத்துக்கொண்டு போகும்.

அதைத் தடுக்க ஒரு தெரிவை நான்தான் எழுதினேன். கட்டளையின் கடைசியில் இரண்டு சிறு கோடு போட்டு 'நோ-ஸ்கிரிப்ட்ஸ்' என்று தட்டினால் எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. எழுதி வெளியிட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவரும் தட்டவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வேலை அவசரத்தில் இருக்கிறவன் சும்மா ஓடுகிற கட்டளைக்குப் பின்னால் வாலைக் கட்டிக்கொண்டு நிற்பானா? கள்ளன் வந்து போன வீட்டுக்காரன்தான் பூட்டு வாங்குவான்.

ஆகவே வழி ஒன்றுதான் இருந்தது. என் தெரிவை இயல்பு அமைப்பாக்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடாது. ஓட வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேளுங்கள், ஓட விடுகிறோம். நிரலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியை நினைத்தபடி மாற்ற முடியாது. மலெத்தில் அப்படி ஏதாவது செய்வதென்றால் முதலில் ஒரு பொதுப் பக்கம் திறந்து, இன்ன காரணத்துக்காக இன்னதை மாற்றப் போகிறேன் என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் யாரும் வந்து கருத்துச் சொல்லலாம். பலமான மறுப்பு வராவிட்டால் மாற்றம் போகும். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாதது நடக்கவில்லை என்பதுதான் அந்த உலகத்தின் சட்டம்.

போன வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் பக்கத்தைத் திறந்தேன். ஆதரவு குவிந்தது. பின்லாந்தில் ஒரு பெண், பிரேசிலில் ஒரு பையன், யாரென்றே தெரியாத ஆட்கள், "எப்போதோ செய்திருக்க வேண்டியது" என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். எமில் அண்ணை மட்டும் ஒன்றும் எழுதவில்லை. வேலை கூடிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். கையில் கோத்-டெ-நேஜ் பகுதித் தமிழ்க்கடை ஆட்டிறைச்சி ரோல்ஸ். மெலனி ஓடி வந்து, "பொன்ஜூர் பாறேன்" என்று கட்டிப்பிடித்தாள். பிரெஞ்சில் ஞானத்தகப்பனைப் பாறேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அவளுடைய படிப்பை விசாரித்தார், றெக்ஸின் முதுகு நோவை விசாரித்தார், தேத்தண்ணி குடித்தார். மெலனி உள்ளே போன பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, உம்மட பக்கத்தைப் பாத்தனான்."

"நீங்கள் ஒண்டும் எழுதேல்லையே எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன் அண்ணை."

"அங்க என்னத்தை எழுதுறது. நான் மறுத்து எழுதினா நீர் சும்மா இருக்கமாட்டீர். நீரும் எழுதுவீர். உலகம் முழுக்க இருந்து பாப்பினம். ரெண்டு தமிழ்ச்சனம் நடுச்சந்தியில நிண்டு பிடுங்குப்படுகுதுகள் எண்டு சிரிக்கிறதுக்கோ?"

"பிடுங்குப்பாடில்லை அண்ணை, வேலை விசயம்தானே. உங்களுக்கு ஏன் விருப்பமில்லை?"

"விருப்பமில்லை எண்டு ஆர் சொன்னது? நேரம் சரியில்லை எண்டுறன். எங்கட பெரிய வாடிக்கையாளர் இருக்கிறாங்களெல்லே. அவங்கட முழுப் பொதியும் ஸ்கிரிப்டில நிக்குது. மாசியில ஒப்பந்தம் புதுப்பிக்க வேணும். இப்ப இதை மாத்தினா வெருண்டு போவாங்கள்."

"அவங்களுக்கு அமைப்பில ஒரு வரி போட்டுக் குடுத்தா பழையபடி ஓடும் அண்ணை. நான் குடுக்கிறன்."

"அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கையெழுத்து வைக்கிறவனுக்குத் தெரியுமே?" ரோல்ஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். "நீராயே மூடிவிடும். நான் மூடினா உமக்கு மரியாதையில்லை. ஒப்பந்தம் முடியட்டும். சித்திரை வர நானே அதைத் திறந்து, நானே சரியெண்டு போட்டுவிடுறன்."

நான் றெக்ஸைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்றுதான் பார்த்தேன்.

"அண்ணை சொல்லுறார் எண்டா காரணம் இருக்கும்" என்றார் றெக்ஸ். "சித்திரைக்கு என்ன, இந்தா எண்டு வந்திடும்."

எங்கள் ஆட்களுக்குள் இது எழுதாத கட்டளை. வீட்டுப் பிணக்கு வீட்டுக்குள் கிடக்க வேண்டும். மூத்தவரைச் சபையில் வைத்து மறுக்கக்கூடாது. மறுக்க வேண்டுமென்றால் அடுப்படியில், குசினிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு மறுக்கலாம். அங்கே எவ்வளவு சண்டை பிடித்தாலும் குற்றமில்லை. வெளியே வரும்போது எல்லோரும் ஒரே முகமாய் வர வேண்டும். இந்தக் கட்டளையோடுதான் வளர்ந்தேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். அது பிழையென்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. குசினிக்குள் பேசியதை எண்ணாத ஒரு உலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை என் மண்டைக்குள் ஏறவில்லை.

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போய் முதல் வேலையாகப் பக்கத்தை மூடினேன். "இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பின்லாந்துப் பெண் உடனே கேட்டாள், என்ன நடந்தது, இவ்வளவு ஆதரவு இருக்கும்போது ஏன் என்று. அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது? என் பிள்ளையின் ஞானத்தகப்பன் ரோல்ஸ் கொண்டு வந்தார் என்றா? ஒன்றும் எழுதாமல் விட்டேன். அந்தப் பிரேசில் பையன் அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான்.

ஒப்பந்தம் மாசியில் கையெழுத்தானது. கேக் வெட்டினார்கள். சித்திரை வந்தது. கோப்பி மெஷினடியில் வைத்து மெதுவாக நினைவூட்டினேன்.

"ஓம் பிள்ளை, மறக்கேல்லை. பேந்து பாப்பம்."

ஆனியில் கேட்டேன். லீவு காலம் வருகுது, ஆக்கள் இல்லை, பேந்து பாப்பம் என்றார். புரட்டாதியில் கேட்டபோது கொஞ்சம் எரிச்சலோடு, "உமக்கு உது ஒரு விசராய்ப் போச்சு" என்றார். வீட்டில் வந்து றெக்ஸிடம் கத்தினேன். அண்ணையிடம் கத்த முடியாதே. றெக்ஸ் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதையும் கேட்டார், பிறகு சத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. எண்களுக்கு இடையில் காற்புள்ளி போட்டுத் தருகிற ஒரு சின்னஞ்சிறு பொதி. அதை எழுதியவரின் கணக்கை யாரோ களவெடுத்து, அதற்குள் ஒரு ஸ்கிரிப்டை வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை மலெத் வைத்திருந்தவர்கள் வழக்கம்போலத் தட்டினார்கள், பொதி இறங்கியது, ஸ்கிரிப்ட் ஓடியது. எத்தனை நிறுவனங்களின் கடவுச்சொற்கள், எத்தனை சாவிகள் போயின என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. இரண்டு மூன்று பேர் நடத்திய ஒரு சிறு நிறுவனம் கதவையே பூட்டிவிட்டது. என் தெரிவு இயல்பாக இருந்திருந்தால் அந்தப் பொதி சும்மா இறங்கிச் சும்மா கிடந்திருக்கும். ஒரு வரிதான்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் பெரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி மஞ்சள் லைனுக்கு மாறும்போது போனைப் பார்த்தேன். எமில் அண்ணை அந்த வரியை மாற்றியிருந்தார். அவசரம் என்பதால் பக்கமும் இல்லை, இரண்டு வாரமும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயில் ஆற்றுக்குக் கீழே போகும்போது அழுதேன். யார் செய்தால் என்ன, நடந்துவிட்டதே என்று நினைத்தேன். லூசுச்சனியன் நான்.

அலுவலகத்துக்குப் போவதற்குள் அவர் உலகப் புகழ் பெற்றுவிட்டார். துணிச்சலான முடிவு என்றார்கள். இப்படி ஒரு தலைமை வேண்டும் என்றார்கள். மத்தியானத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் கேட்டார், இதை ஏன் முன்பே செய்யவில்லை? தோண்டினார்கள். என் பக்கம் அகப்பட்டது. யோசெப்பின் என்று ஒருத்தி ஒரு வருடத்துக்கு முன்பே இதைக் கொண்டு வந்திருக்கிறாள், எல்லோரும் ஆதரித்திருக்கிறார்கள், பிறகு காரணம் சொல்லாமல் அவளே மூடியிருக்கிறாள். ஏன்?

அந்த 'ஏன்' ஒரு வாரம் என்னைக் கிழித்தது. பொறுப்பில்லாதவள் என்றார்கள். எந்த நிறுவனம் இவளைக் காசு கொடுத்துக் கவனித்ததோ என்றார்கள். கள்ளனுக்குக் கதவைத் திறந்து வைத்தவள் என்று ஒருவர் எழுதினார், அதற்குக் கீழே ஐம்பது பேர் சரியென்று விரலை உயர்த்தினார்கள். நுணல் தன் வாயால் கெட்டதாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு கெட்டேன்.

இந்தத் தொழிலில் சான்றிதழ் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. என் பெயரைத் தேடினால் என்ன வருகிறதோ அதுதான் நான். மலெத்தின் பொறுப்பாளர்கள் ஆறு பேரில் என் பெயரும் ஒன்று. நிரலில் மாற்றம் போடும் உரிமை அந்த ஆறு பேருக்குத்தான் உண்டு. பத்து வருடம் உழைத்து எடுத்த இடம் அது. அது போனால் எனக்கு இந்த ஊரில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் இதே வேலை கிடைக்காது.

விசாரணை என்று என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் நிறுவனத் தலைவி ஜெனவியேவ், எமில் அண்ணை, நான். ஜெனவியேவ் நல்ல பெண். கணினித் திரையில் என் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"யோசெப்பின், இதை ஏன் மூடினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

நான் எமில் அண்ணையைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று பார்த்தேன். அதுதான் முறை. நான்தான் சொன்னேன், ஒப்பந்தத்துக்காகச் சொன்னேன் என்று அவர் ஒரு வசனம் சொன்னால் போதும். அவருக்கு ஒன்றும் நடக்காது. ஒப்பந்தத்தால் நிறுவனம் பிழைத்தது ஜெனவியேவுக்கே தெரியும்.

அவர் தொண்டையைச் செருமினார். "யோசெப்பின் நல்ல கவனமான ஆள்" என்றார். "யோசிக்க நேரம் வேண்டுமென்று நினைத்தார். அதை நாங்கள் மதித்தோம். இப்போது பார்த்தால், நான் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம். அது என்னுடைய பிழைதான்."

என் பிழையைத் தன் பிழை என்று தோளில் தூக்கிக்கொள்கிறார், பாருங்கள். ஜெனவியேவின் முகத்தில் அவர்மேல் ஒரு மரியாதை வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"அவர்தான் மூடச் சொன்னார்" என்றேன். என் பிரெஞ்சு அந்த நேரம் பார்த்துத் தடுக்கியது. "வீட்டுக்கு வந்து சொன்னார்."

ஜெனவியேவ் அவரைப் பார்த்தாள். அவர் கவலையோடு தலையைக் குனிந்துகொண்டார், மறுக்கக்கூட இல்லை.

"அது எங்காவது எழுத்தில் இருக்கிறதா? மின்னஞ்சல், செய்தி, ஏதாவது?"

இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் வைத்து அவரை மறித்தேன். "ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"மெல்லக் கதையும்" என்றார். "உமக்கு விளங்கேல்லை. ரெண்டு பேரும் மாட்டுப்பட்டா ரெண்டு பேரும் போறதுதான். பேந்து உள்ளுக்கு எங்கட ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. நான் நிண்டாத்தான் கொஞ்சக் காலம் போக உம்மைத் திருப்பி எடுக்கலாம். கொஞ்சம் பொறும். உம்மட அண்ணன் உம்மை விட்டிடுவனே?"

என் பெயரைப் பொறுப்பாளர் வரிசையிலிருந்து எடுத்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. உதவிப் பக்கங்களில் எழுத்துப் பிழை திருத்தும் பகுதியில் போட்டார்கள். நான் எழுதிய தெரிவுக்கு விளக்கம் எழுதும் வேலையும் அதில் வந்தது. 'இந்தப் பாதுகாப்பு எமிலியானுஸ் அவர்களின் முயற்சியால் இயல்பு அமைப்பானது' என்று முதல் வசனம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அதில் பிழை இருந்தால் திருத்துமாறு கேட்டிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் சொன்னேன், நான் நடந்ததை எழுதப் போகிறேன் என்று.

றெக்ஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "கோயில்ல மெலனியின்ர உறுதிபூசுதல் சடங்கு வருது. அண்ணைதான் அவளுக்குப் பின்னால நிக்கப் போறவர். பங்குத்தந்தையிட்டப் பேரும் குடுத்தாச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நாங்கள் இந்த நாட்டில வந்து இறங்கேக்க ஆர் வந்தது? உமக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தது ஆர்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டுவினம்."

"உப்பைத் தந்திட்டுக் கஞ்சிச் சட்டியைப் பறிச்சுக்கொண்டு போறவரை என்ன செய்ய வேணும் எண்டும் சொல்லியிருக்கினமோ?"

"செய்யிறதை நாலு பேருக்குத் தெரியாமல் அண்ணையோட கதைச்சுச் செய்யும்" என்று மட்டும் சொல்லிவிட்டு றெக்ஸ் எழும்பினார். பாவம், அவரும் அதே குசினியில் வளர்ந்தவர்.

சனிக்கிழமை காலை றெக்ஸ் வேலைக்குப் போன பிறகு எழுதினேன். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் மூடிய அந்தப் பக்கத்துக்குக் கீழேயே எழுதினேன். திட்டவில்லை. எமிலியானுஸ் என் மேலதிகாரி, என் குடும்பத்துக்கு நெருங்கியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து இதை மூடச் சொன்னார், ஒப்பந்தம் காரணம் என்றார், பின்னர் தானே திறப்பதாகச் சொன்னார், திறக்கவில்லை. எங்கள் சமூகத்தில் இப்படியான மறுப்பைப் பொதுவில் வைப்பது பெரிய அவமரியாதை, அதனால்தான் நான் அப்போது காரணம் எழுதவில்லை, எழுதாதது தவறு. இவ்வளவுதான். மூன்று தரம் வாசித்துப் பார்த்து அனுப்பினேன். எழும்பிப் போய் மெலனிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

முதலில் பின்லாந்துப் பெண் எழுதினாள். "நான் அப்போதே ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். எழுதியதற்கு நன்றி." அதை வாசித்துவிட்டுச் சிரித்தேன், அழவும் செய்தேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். இதற்கு ஆதாரம் என்ன? சாட்சி யாராவது உண்டா? ஒரு வருடம் ஏன் பேசாமல் இருந்தாய், பொறுப்புப் போனதும்தான் ஞாபகம் வந்ததா? நான் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இதைக் கொஞ்சப் பேராவது நம்புகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அது போதும், பொழுதுபடும்வரை எழுதலாம் என்றிருந்தேன்.

பிற்பகலில் எமில் அண்ணையின் பதில் வந்தது. நடுச்சந்தியில் நின்று கதைக்க விருப்பமில்லாதவர் வந்து நின்றார்.

"யோசெப்பின் எனக்குச் சொந்தத் தங்கைபோல. அவருடைய மகள் என்னுடைய ஞானமகள். மலெத்துக்கு அவர் செய்த உழைப்பை யாரும் மறக்கக்கூடாது. அண்மைய சம்பவங்கள் அவரை மிகவும் பாதித்திருக்கின்றன. அவர் கடினமான ஒரு காலத்தைக் கடந்துகொண்டிருக்கிறார். அவர் எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தயவுசெய்து யாரும் அவரைக் கடுமையாகப் பேச வேண்டாம். அவருக்கும் குடும்பத்துக்கும் அமைதி கொடுங்கள். உங்கள் அன்புக்கு நன்றி."

கள்ளி என்றிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். பொய் சொல்லுகிறாள் என்றிருந்தால் விடாமல் நின்றிருப்பேன். விசர், மூளை குழம்பினவள் என்று சொல்லிவிட்டார் மனிசன், அதையும் கண்ணீரோடு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும் அது அந்த விசருக்கு ஒரு அத்தாட்சியாகத்தான் போகும்.

அந்தப் பதிலுக்குக் கீழே இதயங்கள் வந்துகொண்டிருந்தன. இருபது, முப்பது என்று ஏறியது. எவ்வளவு பெருந்தன்மை என்று ஒருவர் எழுதினார். பின்லாந்துப் பெண் மட்டும் ஒன்றும் போடவில்லை. பிறகு அவளும், "யோசெப்பின், உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினாள்.

யார் யார் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன். வயிற்றெரிச்சலில் பார்த்தேன். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், கூட வேலை செய்கிறவர்கள். நடுவில் ஒரு முகம். ஓரத்தோரியத் தேவாலயப் படிக்கட்டில் நின்று, மெலனியின் தோளில் கைபோட்டு எடுத்த படம். படத்தில் மெலனியைப் பாதியாக வெட்டியிருந்தது. கணக்கு இன்றைக்குத்தான் திறந்தது என்று பக்கத்தில் காட்டியது. றெக்ஸ்.

கணினியை மின்னஞ்சலுக்கு மட்டும் திறக்கிற மனிசன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால், "கொம்பியூட்டரில ஏதோ" என்று சொல்கிற மனிசன்.

அவர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். போனை நீட்டினேன்.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அண்ணை எவ்வளவு பண்பா எழுதியிருக்கிறார். நீர் அப்பிடி எழுதின பிறகும் ஒரு சொல்லுத் தப்பாச் சொல்லேல்லை. எங்கட வீட்டுக்குக் கோவமில்லை எண்டு காட்ட வேணுமெல்லே, அதுதான் போட்டனான்."

"உங்களுக்கு இதில கணக்குத் திறக்கத் தெரியாதே."

"அண்ணைதான் போன் எடுத்தவர். இடைவேளை நேரம். அவர் சொல்லச் சொல்லச் செய்தன், லேசாத்தான் இருந்தது." ஈரக் கோட்டைக் கொழுவிவிட்டுக் குசினிப் பக்கம் போனார். "சாப்பாடு என்ன?"

போனைத் திரும்பப் பார்த்தேன். மேலே, காலையில் எனக்கு எழுதியவர்களின் கேள்விகள் அப்படியே நின்றன. சாட்சி யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்ட ஒரே ஆள் றெக்ஸ். அண்ணையிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அவருக்குச் சாட்சியாக என் புருஷனே வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.